பெயருக்கு வைத்தியம்

ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாள், பல்லவன் அரண்மனை வாசலில் ஒரு கூட்டம் வந்து நின்றது. கையில் மயிற்பீலி, தோளில் உறி, முகத்தில் கவலை. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியின் பெரியவர்கள். பாடலிபுத்திரம் என்றதும் பீகாருக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். நம் கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர்தான். அவர்கள் கொண்டுவந்த புகாரின் சாரம் இது: எங்கள் தலைவர்களில் ஒருவரான தருமசேனர், தமக்குச் சூலை நோய் என்று பொய் சொல்லிவிட்டு அக்காள் வீட்டுக்குப் போய்க் கட்சி மாறிவிட்டார். மன்னர் கவனிக்க வேண்டும்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறபடி நடந்தது வேறு. தருமசேனருக்கு நிஜமாகவே வயிற்றைப் பிடுங்கும் வலி. பள்ளியில் மந்திரம் ஓதினார்கள், பீலியால் தடவினார்கள். வலி ஏறியதே தவிர இறங்கவில்லை. கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். நோயாளி ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்குப் போய், அக்காள் திலகவதியார் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு பதிகம் பாடினார். வலி போயிற்று. மருள்நீக்கியாராகப் பிறந்து தருமசேனராக இருந்தவர் திருநாவுக்கரசர் ஆனார். நாம் செல்லமாக அப்பர் என்கிறோம்.

ஒருவருக்கு உடம்பு சரியானால் பழைய வைத்தியருக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. சமணர்கள் பெரிதாகச் சொல்லிக்கொண்ட தானங்கள் நான்கு: சோறு, மருந்து, கல்வி, அடைக்கலம். அதில் மருந்துத் துறையில் ஓட்டை என்று ஊருக்குத் தெரிந்தால் மற்ற மூன்றையும் யார் நம்புவார்கள்? நோய் தீராமல் இருந்தவரை பிரச்சினை இல்லை. தீர்ந்ததுதான் பிரச்சினை. எனவே ஒரு அறிக்கை தயாரானது: நோயே கிடையாது, நடிப்பு. மன்னனும் விசாரித்தான், அந்தக் காலத்து முறையில். சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள், நஞ்சு கலந்த பாற்சோறு, யானைக் காலடி, கடைசியில் கல்லைக் கட்டிக் கடலில். புகார் கொடுத்தவனை விட்டுவிட்டு நோயாளியைப் பரிசோதிக்கும் மரபு இப்படித்தான் தொடங்கியது.

இதைத் திருப்பருத்திக்குன்றத்துக்காரன் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காஞ்சிபுரத்தின் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். வேகவதிக் கரையில் இருக்கிற எங்கள் ஊருக்கு ஜினகாஞ்சி என்று பெயர். தோற்ற கட்சியின் தலைமையகம். சேக்கிழார் எழுதியது சம்பவம் நடந்து சுமார் ஐந்நூறு ஆண்டு கழித்து, ஜெயித்த கட்சியின் சார்பில். அதே நூலில் மதுரையில் ஒரு ஆய்வும் வருகிறது. கூன் பாண்டியனுக்குச் சுரம். உடம்பை நெடுக்குவாட்டில் பிரித்து, இடப்பக்கம் சமணருக்கு, வலப்பக்கம் திருஞானசம்பந்தருக்கு. வலப்பக்கம் குளிர்ந்தது, இடப்பக்கம் கொதித்தது. ஒரே நோயாளியை வைத்து இரண்டு மருந்தை ஒப்பிட்ட இவ்வளவு சிக்கனமான ஆய்வு உலகத்தில் இல்லை. முடிவை வெளியிட்டது யார் என்று மட்டும் கேட்கக்கூடாது.

எங்கள் தரப்பும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்த் திரைலோக்கியநாதர் கோயிலில் விஜயநகரத்து அமைச்சர் இருகப்பர் 1387 வாக்கில் ஒரு சங்கீத மண்டபம் கட்டிக் கொடுத்தார். அதன் கூரை முழுக்கத் தீர்த்தங்கரர் வரலாறு ஓவியமாக ஓடுகிறது. படத்துக்குக் கீழே விளக்கமும் உண்டு. பார்க்கிறவன் தப்பாகப் புரிந்துகொண்டு போய்விடக்கூடாது பாருங்கள். பழைய ஓவியம் மங்கியபோது அதன் மேலேயே புதிதாகத் தீட்டியும் இருக்கிறார்கள். பெயரைக் காப்பாற்றுவதில் எங்களுக்கு அறுநூறு ஆண்டு அனுபவம். அந்தத் தகுதியில்தான் மேற்கொண்டு பேசுகிறேன்.

அப்பருக்கு வந்தது வயிற்றுவலி. வயிற்றுவலியில் ஒரு வசதி உண்டு: வலிக்கிறவனுக்கு வலிப்பது தெரியும். நரம்பில் வரும் நோய் அப்படி இல்லை. கை லேசாக நடுங்கும். பெயர் மறக்கும். காரணமில்லாமல் கோபம் வரும், தூக்கம் போகும், நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம் வரும். வயசாகிறது என்பார்கள், குடிக்கிறான் என்பார்கள், வீட்டில் சண்டை என்பார்கள். ஒரு நிறுவனத்தின் நல்ல பெயருக்கு இதைவிடத் தோதான நோய் கிடையாது. பாதரச ஆவி தருகிற நோய் இந்த வகை. மூச்சில் போகிற ஆவியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ரத்தத்தில் ஏறிவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும்.

இனி மலை ஏறுவோம். கொடைக்கானல், செயின்ட் மேரிஸ் சாலை, பாம்பார் சோலையை ஒட்டிய சரிவு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் பாதரச வெப்பமானி செய்துகொண்டிருந்த தொழிற்சாலையை மூட்டை கட்டி 1980-களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம். ஆமாம், அந்தப் பவுடர் பாண்ட்ஸ்தான். 1987-இல் அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. 1998-இல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. அமெரிக்காவிலிருந்து பாதரசம் வரும், இங்கே கண்ணாடிக் குழாயில் நிரப்புவார்கள், செய்த வெப்பமானி மறுபடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறும். அங்கிருந்து மற்ற நாடுகளுக்கு. உலகத்தின் காய்ச்சலை நாம் அளந்து கொடுத்தோம். உடைந்தது, சிந்தியது, ஆவியானது மட்டும் நமக்கு.

வேலை எப்படி இருந்தது என்று முன்னாள் தொழிலாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். குழாய் உடையும். பாதரசம் தரையில் விழுந்து குண்டுமணி குண்டுமணியாக ஓடும். பிடிக்கப் போனால் இரண்டாகும், இரண்டைப் பிடித்தால் நாலாகும். பார்க்க அழகு. வாசனை இல்லை, சுடாது, அரிக்காது. விஷம் என்று யாராவது சொன்னாலொழியத் தெரியாது. சொன்னவர்கள் போதவில்லை என்பதுதான் அவர்கள் குறை. துணியில் ஒட்டியது வீட்டுக்கும் போயிற்று. நிறுவனமோ, தொழிலாளர்களை முறையாகப் பரிசோதித்து வந்ததாகவும், பாதரசத்தால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்றும் சொன்னது. முடிவுகளை எங்களிடம் காட்டவில்லை என்று தொழிலாளர்கள் சொன்னார்கள்.

2001 மார்ச் 7. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடை. பழைய இரும்பு, பழைய பேப்பர், கூடவே சாக்குச் சாக்காகப் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி. சில சாக்குகள் கிழிந்து கிடந்தன. ஊர்க்காரர்களும் பழனிமலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் போய்க் கடை முன்னால் நின்றார்கள். 7.4 டன் என்றார்கள். நிறுவனம் முதலில் மறுத்தது. பிறகு, எங்கள் விதிமுறைக்குப் புறம்பாகக் கொஞ்சம் வெளியே போயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, 5.3 டன் என்றது. கவனியுங்கள்: விதிமுறை குற்றமற்றது. கண்ணாடிச் சில்லுதான் ஒழுக்கம் தவறிக் காயலான் கடைக்குப் போய்விட்டது. அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவைத் தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். குப்பையை அனுப்பியவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிய பெருமை இந்திய வரலாற்றில் நமக்குக் கிடைத்தது அபூர்வம். அதற்காக ஒரு தடவை கைதட்டலாம்.

கப்பலில் தொழிற்சாலை மண்ணும் நரம்பும் ஏறவில்லை. ஏரித் தண்ணீரும் ஏறவில்லை. ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வுக்கூடம் கொடைக்கானல் ஏரியின் தண்ணீரையும் வண்டலையும் மீனையும் எடுத்துப் பார்த்தது. 2006-இல் முடிவு வெளிவந்தது. ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 350 நானோகிராமுக்கு மேல் பாதரசம். அதே மலையின் பேரிஜம், குக்கல் ஏரிகளில் அதைவிட வெகு குறைவு. படகு சவாரிக்கு வருகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. குதிரை சவாரிக்கும் கூட்டம் குறையவில்லை.

மனிதர்கள் விஷயத்தில்தான் வேடிக்கை. பாதரசத்துக்கு ஒரு குணம் உண்டு. ரத்தத்திலும் சிறுநீரிலும் அது ரொம்ப நாள் தங்காது. உடம்பில் ஏறியதில் பாதி ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குள் வெளியேறிவிடும். போகிறபோது நரம்பைச் சரிசெய்துவிட்டுப் போகாது. ஆகவே வேலை நின்று சில வருஷம் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் பளிச்சென்று இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பாருங்கள், பாதரசமே இல்லை என்று எந்த நிறுவனமும் எந்த நீதிமன்றத்திலும் தைரியமாகச் சொல்லலாம். பொய் சொன்னதாகாது. திருடன் போனபிறகு வீட்டைச் சோதித்து, உள்ளே திருடன் இல்லை என்று சான்றிதழ் வாங்குகிற கதை.

இந்தக் கலையில் நம் ஊர்க்காரர்கள் முன்னோடிகள் என்று பெருமைப்பட வழியில்லை. அமெரிக்காவில் 1924-இல் பெட்ரோலில் ஈயம் கலக்கிற தொழிற்கூடங்களில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கினார்கள். இல்லாத பூச்சிகளைக் காற்றில் பிடித்தார்கள். அதனால் ஒரு கூடத்துக்குப் பட்டாம்பூச்சி வீடு என்றே பெயர் விழுந்தது. நியூஜெர்சியில் ஐந்து பேர் செத்ததும் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, அந்த ஈயக் கலவையைக் கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி அதைத் தன் கையில் ஊற்றித் தேய்த்து, மூக்கருகே வைத்து மோந்தும் காட்டினார். இதே ஈயத்தால் உடம்பு கெட்டு முந்தின வருஷம்தான் அவர் ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார். பொருளுக்கு வைத்த பெயரிலோ ஈயம் என்ற சொல்லே கிடையாது, எத்தில். ஏதோ பக்கத்து வீட்டுப் பெண் பெயர் மாதிரி. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000-இல். எழுபத்தைந்து வருஷம் ஓடிய பெயர்.

ஜப்பானின் மினமாட்டா இன்னும் சுவாரசியம், அதாவது இன்னும் கொடுமை. அங்கே பூனைகள் ஆடின. கடலோரத்தில் மீன் தின்ற பூனைகள் சுழன்று சுழன்று ஆடி, கடலில் விழுந்து செத்தன. பிறகு மனிதர்கள். சிஸ்ஸோ ரசாயனக் கம்பெனியின் மருத்துவமனை டாக்டர் ஹாஜிமே ஹோசோகாவா 1956 மே மாதம் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார்: காரணம் தெரியாத மூளை நோய். மனிதர் அதோடு நிற்கவில்லை. பூனைகளை வைத்துச் சோதிக்க ஆரம்பித்தார். 1959 ஜூலையிலிருந்து 400-ஆம் எண் பூனைக்குத் தன் சொந்தக் கம்பெனியின் கழிவுநீரைச் சோற்றில் கலந்து கொடுத்தார். அக்டோபரில் பூனை ஆடியது. டாக்டர் மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம் ஆய்வை நிறுத்தச் சொன்னது. அந்த டிசம்பரிலேயே பிரமாதமான சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றைத் திறந்துவைத்தார்கள். அதிலிருந்து வந்த தண்ணீரைக் கம்பெனித் தலைவர் கிளாஸில் பிடித்துக் குடித்துக் காட்டினார். பாதரசம் வருகிற கழிவு அந்த இயந்திரத்தின் பக்கமே வரவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. தலைவர் குடித்தது நல்ல தண்ணீர்.

அதே மாதக் கடைசியில் நோயாளிகளோடு ஒப்பந்தம். பெயர்: அனுதாபத் தொகை. பின்னால் எங்கள் கழிவுதான் காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு கேட்கக்கூடாது என்று அதில் ஒரு வாசகம். பூனை ஆடியதைப் பார்த்துவிட்டு எழுதிய வாசகம் அது. அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968-இல். ஹோசோகாவா 1970-இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி 400-ஆம் பூனையைப் பற்றிச் சாட்சி சொன்னார். சில மாதத்தில் காலமானார்.

இங்கே கொடைக்கானலில் பூனை இல்லை, குழுக்கள் இருந்தன. நிறுவனம் தரப்பில் ஆய்வுகள், அரசுத் தரப்பில் ஆய்வுகள், தொண்டு நிறுவனங்களின் ஆய்வுகள். நிறுவனம் தன் வரிசையைக் காட்டி, எல்லாம் சுயேச்சையான ஆய்வுகள், பாதிப்பு இல்லை என்றன என்றது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். மத்தியத் தொழிலாளர் துறை அமைத்த குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது: தொழிலாளர்களும் குடும்பத்தாரும் பாதரசத்துக்கு ஆளாகியிருக்கக் கூடும், பலர் நோயுற்றிருப்பதற்கும் ஆதாரம் தெரிகிறது என்று. வழக்கு மெதுவாக நகர்ந்தது. இதற்கிடையே 2007-இல் நிறுவனமும் இந்துஸ்தான் யூனிலீவர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயருக்கு வைத்தியம் ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை.

மகேந்திரவர்மன் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டதாகச் சொல்லப்படுகிற அந்தப் பல்லவன் அவன்தான் என்பது பலர் கருத்து. அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சிபுரத் தெருவில் நடக்கிற கூத்து. ஒரு காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. புத்த பிட்சு திருடினான் என்று சண்டை. இரண்டு பேரும் தத்துவம் பேசுகிறார்கள், நியாயம் பேசுகிறார்கள், ஊரைக் கூட்டுகிறார்கள். கபாலத்தை எடுத்துக்கொண்டு போனது ஒரு நாய். கண்டுபிடித்துக் கொண்டுவருகிறவன் ஒரு பைத்தியக்காரன். எல்லாத் தரப்பும் அறிக்கை விட்டுக்கொண்டிருக்கும்போது, காணாமல் போனதைத் தேடிப் போவது யாரோ ஒருத்தர்தான்.

கொடைக்கானல் விஷயத்தில் அந்த வேலையைப் பாதி முடித்தது ஒரு பாட்டு. 2015 ஜூலைக் கடைசியில் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப், அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜ் பாட்டின் மெட்டில் கொடைக்கானல் பணியாது என்று வரி கட்டிப் பாடினார். சில நாளில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே பகிர்ந்தார். யூனிலீவரின் அப்போதைய தலைமை அதிகாரி பால் போல்மன், பூமியைக் காக்கும் நிறுவனத் தலைவர் என்று உலக மேடைகளில் பெயர் வாங்கியவர். தீர்வு காண முயல்கிறோம் என்று அவரே ட்விட்டரில் எழுத வேண்டி வந்தது. பதினான்கு வருஷம் மனு கொடுத்தும் அறிக்கை கொடுத்தும் ஆகாதது, மூன்று நிமிஷக் கிண்டலில் அசைந்தது. நோயைக் காட்டியபோது வலிக்காத இடம், பெயரைத் தொட்டபோது வலித்தது. பதிகம் பாடித்தான் வலி தீரும் என்பது அப்பர் காலத்திலிருந்து தமிழ்நாட்டு வழக்கம் போலும்.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் கருணைத் தொகை என்றார்கள். எவ்வளவு என்று சொல்லவில்லை. பாதிப்பு இல்லை என்ற நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவும் இல்லை. தொழிலாளர்கள் வாங்கிக்கொண்டார்கள், வயசும் வழக்கும் ஒருசேர நீண்டால் யாரும் வாங்கிக்கொள்வார்கள், அதில் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் 1959-இன் அனுதாபமும் 2016-இன் கருணையும் ஒரே தறியில் நெய்த சேலைகள். இரண்டிலும் பணம் உண்டு, தவறு என்ற சொல் கிடையாது. மண்ணைச் சுத்தம் செய்வது இன்னும் இழுத்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சினால் போதும் என்ற அளவுகோலை எதிர்த்து 2018-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சோபியா அஷ்ரப்பும் சேர்ந்து மறுபடி பாடினார்கள். அதே ஆண்டுதான் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா ஏற்றது.

பெரியபுராணத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பெயரைக் காப்பாற்றப் போனவர்கள் தோற்றார்கள். மன்னனே கட்சி மாறி, பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்த கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் கோயில் கட்டினான் என்கிறார் சேக்கிழார். தோற்றவர்களின் கதையைக் கேட்க எங்கள் ஊர்க் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கொடைக்கானலில் நோயாளிதான் தோற்ற கட்சி. நிறுவனத்தின் வரலாறு அழகான எழுத்தில் அதன் இணையதளத்தில் இருக்கிறது. தொழிலாளியின் வரலாறு மருந்துச் சீட்டுகளாக வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அதனால் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்தத் தொழிற்சாலை விஷயத்திலாவது, பாதிப்பு எதுவும் இல்லை என்று ஆய்வு காட்டுகிறது என ஒரு அறிக்கை வந்தால், முடிவைப் படிப்பதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள். காசு கொடுத்தது யார். சோதித்தது எதை: சிறுநீரையா, நரம்பையா. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரி எடுத்த தேதி. வேலை நின்று எத்தனை மாதம் கழித்து எடுத்தார்கள் என்று அறிக்கையில் இல்லையென்றால், அது உடம்பைப் பற்றிய அறிக்கை அல்ல. உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒரு இடத்தில் வேலை பார்த்தால், பரிசோதனை முடிவின் நகலை இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள்.